ஹவுஸ் சர்ஜனின் சொந்த நோட்டு

புளியங்குடியிலிருந்து ஒரு பிள்ளை டாக்டருக்குப் படிக்கப் போகிறது என்றால் அது தெருவுக்கே செய்தி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரை-கொல்லம் சாலையோரம் எலுமிச்சை மண்டியை வைத்துப் பெயர் வாங்கிய ஊர். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களைப் போலவே இங்கும் விவசாயக் கூலியும் பீடி சுற்றும் கூலியும் பல வீடுகளின் அடுப்பை எரிய வைக்கின்றன. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. ஆனாலும் அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத சில மாவட்டங்களில் ஒன்றாகவே அது வெகுகாலம் நின்றது. அதனால் படிக்கப் போகிற பிள்ளை பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏற வேண்டும். 1965ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு இந்தப் பக்கத்து மக்கள் வைத்திருக்கும் பெயர் 'ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி'. அங்கே இடம் கிடைக்காவிட்டால் தூத்துக்குடி, விருதுநகர், மதுரை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 2020ல் கொண்டுவந்தது. மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து முதல் ஆண்டிலேயே 400க்கும் மேற்பட்ட இடங்கள் அந்த வழியில் நிரம்பின. அந்த வழியில் வந்தவர்கள் படிப்பை முடித்து ஹவுஸ் சர்ஜன்களாக வார்டில் நிற்கும் காலம் இது. வீட்டில் முதல் டாக்டர், பல நேரம் வீட்டில் முதல் பட்டதாரி. சேர்க்கை அன்று மாலை போடவும் ஸ்டெதஸ்கோப் வாங்கித் தரவும் ஊரில் ஆள் உண்டு. ஆனால் வார்டில் தன் கண் முன்னால் ஒருவர் உயிர் பிரிந்த இரவில் என்ன நடந்தது என்று கேட்டு, கேட்டதைப் புரிந்துகொள்ள, அந்தப் பிள்ளையின் வீட்டில் ஒருவரும் இல்லை.

அந்தப் பிள்ளையின் கையில் ஒரு சாதாரண நோட்டு இருக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். மன ஆறுதல் அதன் முதல் நோக்கமல்ல, ஆறுதல் கிடைத்தால் நல்லது. பயிற்சிக் காலத்து நாட்குறிப்பு மருத்துவப் பயிற்சியின் ஒரு பகுதி. மற்ற எந்தப் பதிவேடும் செய்யாத வேலையை அது செய்கிறது. அந்த வேலை நடக்க வேண்டுமென்றால் அது மாணவருக்கே சொந்தமாக இருக்க வேண்டும், மதிப்பெண்ணிலிருந்து விலகியிருக்க வேண்டும், பெரும்பாலும் தமிழில் இருக்க வேண்டும்.

ஒரு ஹவுஸ் சர்ஜன் ஒரு நாளில் எழுதுவது கொஞ்சநஞ்சமல்ல. கேஸ் ஷீட், ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஸ்கேனுக்கான கோரிக்கை, மருந்துப் பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரி, போலீஸுக்குப் போகும் தகவல், எல்லாவற்றுக்கும் மேலே லாக் புக். கை ஓய்வதே இல்லை. இவ்வளவு எழுதுகிறவரை இன்னும் எழுதச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். ஆனால் இந்தத் தாள்கள் ஒவ்வொன்றும் யாருக்காக எழுதப்படுகின்றன என்று பார்க்க வேண்டும். கேஸ் ஷீட் நோயாளிக்குச் சிகிச்சை தரப்போகும் அடுத்தவருக்கானது. நாளை நீதிமன்றம் கேட்டால் காட்டுவதற்கும் ஆனது. லாக் புக் கல்லூரிக்கானது: எத்தனை பிரசவம் பார்த்தாய், எத்தனை தையல் போட்டாய், யார் கையெழுத்திட்டார். பயிற்சியில் இருக்கும் அந்த மனிதர் அன்று எப்படி யோசித்தார், எந்த இடத்தில் குழம்பினார், சீனியர் சொன்னதில் எது புரியாமலே தலையாட்டினார் என்பதற்கு இந்தத் தாள்களில் ஓர் ஓரம்கூட ஒதுக்கப்படவில்லை. ஒதுக்கவும் முடியாது, அவை அதற்காக அச்சடிக்கப்பட்டவை அல்ல. ஐந்தரை ஆண்டுகள் ஒருவரை மருத்துவராக மாற்றும் ஏற்பாட்டில், அந்த மாற்றம் நடப்பதற்கான சாட்சியம் மட்டும் எங்குமே பதிவாவதில்லை.

இதனால் என்ன நஷ்டம்? முதலில் கண்டறிதலை எடுத்துக்கொள்வோம். இரவு டியூட்டியில் காஷுவாலிட்டிக்கு வயிற்று வலியோடு ஒருவர் வருகிறார். ஹவுஸ் சர்ஜன் பார்க்கிறார், ஒரு முடிவுக்கு வருகிறார், முதுநிலை மாணவரிடம் சொல்கிறார், வார்டுக்கு அனுப்புகிறார். காலையில் டியூட்டி மாறிவிடும், அடுத்த மாதம் துறையே மாறிவிடும். அந்த வயிற்று வலி கடைசியில் குடல்வாலா, கணையமா, சிறுநீரகக் கல்லா என்பது முதலில் பார்த்தவருக்குத் தெரியாமலே போய்விடும். தெரிய வந்தாலும் வேறொரு சிக்கல் இருக்கிறது. விடை தெரிந்த பிறகு 'நானும் அப்போதே அப்படித்தான் நினைத்தேன்' என்று மனம் தன்னையே நம்ப வைத்துவிடும். உளவியலாளர் பாரூக் ஃபிஷாஃப் 1975ல் இதை ஆய்வில் காட்டினார். முடிவு சொல்லப்பட்டவர்கள், அந்த முடிவை முன்கூட்டியே ஊகித்திருக்க முடியும் என்று மிகையாக நம்பினார்கள். 1981ல் ஹால் ஆர்க்ஸும் அவருடைய குழுவினரும் மருத்துவர்களிடமே இதைச் சோதித்தார்கள். ஒரே நோயாளியின் விவரத்தைக் கொடுத்து, சிலருக்கு மட்டும் கடைசியில் என்ன நோய் என்பதையும் சொல்லிவிட்டு, தெரியாதிருந்தால் எந்த நோய்க்கு எவ்வளவு வாய்ப்புத் தந்திருப்பீர்கள் என்று கேட்டார்கள். விடை தெரிந்தவர்கள், பெரும்பாலும் நினைத்துப் பார்க்கவே வாய்ப்பில்லாத நோய்கூட எளிதில் தோன்றியிருக்கும் என்பதுபோல் மதிப்பிட்டார்கள். பல ஆண்டு படித்து, அனுபவம் பெற்றவர்களின் நிலை இது. அன்றன்றைய விலையை எழுதாமல் வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் மண்டிக் கணக்கு எந்த லட்சணத்தில் இருக்குமோ, அந்த லட்சணத்தில்தான் பெரும்பாலான மருத்துவர்கள் தங்கள் தவறுகளின் கணக்கைத் தங்களுக்கே தெரியாமல் வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மருந்து எளிமையானது, செலவில்லாதது. ஸ்கேன் ரிப்போர்ட் வருவதற்கு முன்னால், 'எனக்கு இது குடல்வால் என்று தோன்றுகிறது, காரணம் இது, பொருந்தாத விஷயம் இது' என்று மூன்று வரி எழுதி வைப்பது. இரண்டு நாள் கழித்து வார்டுக்கே போய் விடையைத் தெரிந்துகொண்டு அதன் கீழே எழுதுவது. எழுதி வைத்த ஊகம் இருந்தால்தான் திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றும். ஆறு மாதம் இப்படி எழுதியவருக்குத் தன் யோசனை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரிந்துவிடும். பெண்களின் நெஞ்சு வலியைப் பதற்றம் என்று ஒதுக்குகிறேனா, குடித்துவிட்டு வந்தவரின் தலைக்காயத்தை அலட்சியமாகப் பார்க்கிறேனா, கடைசியாகப் படித்த பாடத்தின் நோயையே எல்லோரிடமும் காண்கிறேனா? எந்தப் பேராசிரியரும் ஒரு மாணவருக்கு இவ்வளவு துல்லியமான திருத்தத்தைத் தர முடியாது. மாணவரின் தலைக்குள் நடந்தது பேராசிரியருக்குத் தெரியாது.

பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதினால் போதாதா என்ற கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் பட்டம் பெற்றார். தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று விரிந்த வாழ்க்கை. அவர் எழுதிய தன்வரலாறு இல்லையென்றால் அந்த வாழ்க்கையின் உள்பக்கத்தைப் பற்றி நமக்கு மிகக் குறைவாகவே தெரிந்திருக்கும். ஆனால் அது எல்லாவற்றையும் கடந்து வந்த ஒருவர், எங்கே போய்ச் சேர்ந்தோம் என்பது தெரிந்த பிறகு எழுதியது. அமெரிக்காவில் வளர்ந்த தமிழ் வம்சாவளி நரம்பியல் அறுவை மருத்துவர் பால் கலாநிதி, பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் 2013ல் தனக்கு நுரையீரல் புற்றுநோய் என்று அறிந்தார். 2015 மார்ச்சில், 37 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்து உலகம் முழுவதும் வாசிக்கப்பட்ட அவருடைய புத்தகத்தில் உடற்கூறு அறையும் இரவுப் பணியும் நிறையவே வருகின்றன. அங்கேயும் மரணம் நிச்சயமான பிறகு திரும்பிப் பார்க்கும் கண்தான். இரண்டும் அரிய எழுத்துகள். இரண்டிலும் எழுதுகிறவருக்குத் தன் கதையின் திசை தெரியும். நாட்குறிப்பில் அது தெரியாது, அதன் மதிப்பே அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது. அறியாமையை அறியாமையாகவே பிடித்து வைக்கும் எழுத்து அது ஒன்றுதான்.

அடுத்தது மொழி. நோயாளியின் முறையீட்டை அவர் சொன்ன சொல்லிலேயே பதிய வேண்டும் என்று முதல் கிளினிக்கல் வகுப்பிலேயே சொல்லித் தருகிறார்கள். ஆனால் நம் கேஸ் ஷீட் ஆங்கிலத்தில் இருக்கிறது. நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து பீடி சுற்றும் அம்மா, 'காலு உளையுது' என்கிறார். வயலிலிருந்து வரும் பெரியவர், 'நெஞ்சு கரிக்கி, கிறக்கமா வருது' என்கிறார். கேஸ் ஷீட்டில் முதலாவது கால் வலி என்றும், இரண்டாவது வயிற்று அமிலக் கோளாறு என்றும் ஆங்கிலத்தில் ஏறிவிடும். இரண்டாவதில் உயிராபத்தே இருக்கிறது. இதயத்தின் அடிப்பக்கச் சுவரைத் தாக்கும் மாரடைப்பு பல நேரம் நெஞ்சு கரிப்பாகவே தன்னைக் காட்டும், சர்க்கரை நோயாளிகளிடம் இன்னும் மங்கலாகக் காட்டும். 'கரிக்கி, கிறக்கமா வருது' என்று அப்படியே எழுதியிருந்தால் சந்தேகம் திறந்தே இருக்கும், அடுத்து பார்க்கிறவர் ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்வார். மொழிபெயர்க்கும் அந்தக் கணத்திலேயே, யாரும் முடிவெடுக்காமல் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. கேஸ் ஷீட்டின் மொழியை ஒரு ஹவுஸ் சர்ஜனால் மாற்ற முடியாது. தன் நோட்டில் நோயாளியின் பேச்சை அவர் பேசியபடியே எழுதிக்கொள்ள முடியும். ஓராண்டில் அவர் கையில் தன் வட்டாரத்து வலிகளின் அகராதி ஒன்று சேர்ந்துவிடும். எந்தப் பாடநூலிலும் அது இல்லை.

தமிழில் மருத்துவம் யோசிப்பதெல்லாம் நடக்கிற காரியமா என்று சலித்துக்கொள்பவர்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். 1847ல் அங்கே வந்திறங்கிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களின் நடுவில் முழுவதும் தமிழுக்கு மாறினார். உடற்கூறு, பிரசவ மருத்துவம், பொது மருத்துவம் என்று பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார், அவற்றுக்காகக் கலைச்சொற்களைத் திரட்டினார். ஊரில் தங்கி ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்கள் வேண்டுமென்றால் ஊர் மொழியில்தான் பயிற்சி நடக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு இன்றைக்கும் சரியாகவே இருக்கிறது. தேர்வுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆங்கிலம் பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் தனக்குத்தானே யோசிக்கும் இடத்திலாவது தாய்மொழிக்கு இடம் வேண்டும். அரசுப் பள்ளியில் தமிழ்வழி படித்து வந்த மாணவருக்கு இது இன்னும் முக்கியம். முதல் ஆண்டு முழுக்க ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டித் தன்னைக் குறைவாக எண்ணப் பழகிவிட்டவருக்கு, தான் கூர்மையாக யோசிக்கக்கூடியவர் என்பதை அந்த நோட்டு காட்டிக் கொடுக்கும்.

இனி, மனிதரைப் பற்றி. 2009ல் அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் முகமதுரேசா ஹோஜத்தும் குழுவினரும் 456 மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு பரவலாகப் பேசப்பட்டது. நோயாளியின் நிலையைப் புரிந்துகொள்ளும் பரிவை அளக்கும் மதிப்பெண், முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை, மூன்றாம் ஆண்டில் சரிந்தது. மூன்றாம் ஆண்டு என்பது அங்கே மாணவர்கள் முழுநேரமாக வார்டுக்குள் நுழையும் ஆண்டு. நோயாளிகளை நெருங்க நெருங்கப் பரிவு கூட வேண்டும் அல்லவா, குறைகிறது. மாணவர்களே நிரப்பும் வினாத்தாளை வைத்து அளந்தது என்பதால் இந்த ஆய்வை எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, பிற நாடுகளில் கிடைத்த முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. ஆனாலும் அது சுட்டும் இடம் சரியானது. விஷம் குடித்து வந்தவருக்கு இரைப்பைக் குழாய் போட்டுக் கழுவிக்கொண்டிருக்கும்போது அழுவதற்கு நேரமில்லை, அழவும் கூடாது. தென் மாவட்டங்களில் பூச்சிமருந்தும் அரளி விதையும் தின்று வருகிறவர்களைப் பார்க்காத ஹவுஸ் சர்ஜன் இருக்க முடியாது. முதல் ஆளைப் பார்க்கும்போது கை நடுங்கும், ஐம்பதாவது ஆளைப் பார்க்கும்போது 'இன்னொரு பாய்சன் கேஸ்' ஆகிவிடும். அந்த மரத்துப்போதல் வேலைக்குத் தேவைப்படுகிறது. அது எப்போது தொடங்கியது, எவ்வளவு தூரம் பரவிவிட்டது என்பதைத் தானே தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டும். ஜனவரியில் எழுதிய பக்கத்தை ஆகஸ்டில் படிக்கிறவருக்கு அது தெரியும்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவர் ரீட்டா சாரன் 1990களின் தொடக்கத்தில் தன் மாணவர்களுக்கு ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தார். மருத்துவமனையின் கேஸ் ஷீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஷீட். அங்கே எழுத இடமில்லாத, எழுதவும் கூடாத விஷயங்களை இதில் சாதாரண மொழியில் எழுத வேண்டும். சாகக் கிடக்கும் முதியவர் தன் தாத்தாவை நினைவுபடுத்தினால் அதைக் கேஸ் ஷீட்டில் எழுத முடியாது, ஆனால் எங்காவது எழுதியாக வேண்டும் என்பது அவருடைய எண்ணம். நம் நாட்டிலும் இது தெரியாத விஷயமல்ல. 2019ல் நடைமுறைக்கு வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறம், உரையாடல் ஆகியவற்றுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. மருத்துவராக இருப்பது என்றால் என்ன, நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்று தொடங்கி, உடற்கூறு மேசையில் கிடக்கும் உடலை முதல் ஆசிரியராகப் பார்க்கச் சொல்லும் பாடம்வரை அதில் உண்டு. என்ன நடந்தது, அதனால் என்ன, அடுத்து என்ன என்ற மூன்று கேள்விகளை வைத்து மாணவர் சிந்தித்து எழுத வேண்டும் என்றும் தேசிய மருத்துவ ஆணையம் சொல்கிறது. நல்ல கேள்விகள். அப்படியானால் தனி நோட்டு எதற்கு என்று கல்லூரி நிர்வாகங்கள் கேட்கக்கூடும்.

எதற்கென்றால், அந்த எழுத்து லாக் புக்கில் ஏறுகிறது, ஆசிரியர் படித்துக் கையெழுத்துப் போடுகிறார், அகமதிப்பீட்டில் சேர்கிறது. மதிப்பிடுகிறவர் படிப்பார் என்று தெரிந்த பிறகு யார் உண்மையை எழுதுவார்? 'இந்த அனுபவம் எனக்குப் பரிவின் முக்கியத்துவத்தை உணர்த்தியது' என்று எழுதினால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். சீனியரின் லாக் புக்கைப் பார்த்து ஜூனியர் நகலெடுக்கும் வருத்தத்தால் யாருக்கும் பயனில்லை. அதைவிட மோசமாக, உணர்ந்ததைப் போல எழுதும் பழக்கத்தை அது கற்றுக்கொடுத்துவிடும். 'ரவுண்ட்ஸில் யூனிட் சீஃப் அந்த அம்மாவைத் திட்டியபோது நான் பேசாமல் நின்றேன்' என்ற வரியை எந்த மாணவரும் லாக் புக்கில் எழுத மாட்டார். அந்த வரியை எழுதுவதற்குத்தான் நோட்டு தேவைப்படுகிறது. ஆணையத்தின் மூன்று கேள்விகள் அப்படியே இருக்கட்டும், மதிப்பெண்ணை மட்டும் எடுத்துவிட வேண்டும். எழுதினாயா என்று கேட்கலாம், என்ன எழுதினாய் என்று கேட்கக் கூடாது.

நேரமில்லை என்ற ஆட்சேபம் மற்றவற்றைவிடப் பலமானது, அதை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆணையம் அமைத்த தேசியப் பணிக்குழு, உறைவிட மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2024ல் பரிந்துரைத்தது. தாண்டக் கூடாத வரம்பே 74 என்றால் நடைமுறை எப்படி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. 36 மணி நேர டியூட்டி முடித்து வந்தவரிடம், தூங்குவதற்கு முன் இரண்டு பக்கம் எழுது என்று சொல்வது கொடுமை. அவர் தூங்கட்டும். நாட்குறிப்பு என்றால் தினமும் எழுத வேண்டும், பக்கம் நிறைய வேண்டும் என்று யார் சொன்னது? சட்டைப் பையில் அடங்கும் நோட்டில், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் இடைவெளியில், கேன்டீனில் டீ வருவதற்குள் நான்கு வரி போதும். ஒரு ஊகம், நோயாளி சொன்ன ஒரு வாக்கியம், தெரியாத ஒரு விஷயம். வாரம் ஒரு முறை அவற்றில் ஒன்றை மட்டும் விரித்து எழுதலாம். இன்னொன்றும் உண்டு. வேலைப் பளு எவ்வளவு என்பதை அன்றன்று குறித்து வைத்த கையெழுத்தைவிட வலுவான சாட்சி எதுவும் இல்லை. டியூட்டி நேரத்தைக் குறைக்கக் கேட்கும் இளம் மருத்துவர்களுக்குத் தங்கள் நோட்டே ஆதாரமாகும்.

எழுதினால் மனபாரம் குறையுமா? டெக்சாஸில் உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை உலுக்கிய நிகழ்வுகளைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றி உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரியின் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்தது. அதன் பிறகு இதே முறையில் நிறைய ஆய்வுகள் வந்தன. அவற்றில் 146ஐச் சேர்த்து 2006ல் ஜோவான் ஃபிராட்டரோலி அலசியபோது பலன் உண்டு, ஆனால் அது சிறியது என்று தெரிந்தது. பென்னிபேக்கரின் மாணவர்களும் எழுதி முடித்த உடனே சற்று மனம் சோர்ந்தே இருந்தார்கள். ஆகவே நாட்குறிப்பை மனநோய்க்கு மருந்துபோல் விற்கக் கூடாது. அதை வைத்து வாதாடுகிறவர்கள் அளவுக்கு மீறி வாக்குக் கொடுத்தால், எழுதியும் தேறாத பிள்ளை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளும். தெளிவாக யோசிக்க உதவுகிறது என்பதற்காக எழுதலாம், அந்தக் காரணமே போதுமானது.

நோயாளியின் ரகசியம் பற்றிய ஆட்சேபம் பெருநகரத்தில் ஒரு விதமாகவும், நம்மூரில் வேறு விதமாகவும் இருக்கிறது. மருத்துவத் தொழிலில் தெரிய வந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பதை 2002ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகள் கட்டாயமாக்குகின்றன. எச்ஐவி உள்ளவரின் நிலையை வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பெயரை விட்டுவிட்டால் போதும் என்று சென்னையில் இருப்பவர் நினைக்கலாம். புளியங்குடிக்காரருக்கு அது பொருந்தாது. 'மண்டியில் கணக்கு எழுதுகிறவர், மூத்த பெண்ணுக்கு இப்போதுதான் கல்யாணம் ஆனது' என்று எழுதினால் பெயர் எதற்கு, பாதி ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். விடுமுறைக்கு வரும்போது பையில் கொண்டுவந்த நோட்டைத் தங்கையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ புரட்டிவிட வாய்ப்பு உண்டு. எனவே நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், தெரு, தொழில், சாதி, அவர் வந்த தேதி எதுவும் நோட்டில் ஏறக் கூடாது. நோயாளியின் புகைப்படம் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஃபோனில் எழுதினால் அது தானாகவே வேறெங்கோ சேமிக்கப்படுகிறது, ஆகவே காகிதமே நல்லது. இப்படி எல்லாவற்றையும் கழித்துவிட்டால் எழுத என்ன மிஞ்சும் என்று கேட்டால், எழுதுகிறவர் மிஞ்சுவார். இந்த நோட்டு நோயாளியின் கதைக்கானது அல்ல, அவர் முன்னால் நின்றவர் எப்படி யோசித்தார் என்பதற்கானது. அந்த எல்லையைக் கடைப்பிடித்தாலே பாதிச் சிக்கல் வராது.

மீதிப் பாதி சட்டம். பிரிட்டனில் 2011ல் ஜாக் ஆட்காக் என்ற ஆறு வயதுச் சிறுவன் லெஸ்டர் மருத்துவமனையில் இறந்தான். பயிற்சியில் இருந்த மருத்துவர் ஹடீசா பாவா-கார்பா 2015ல் தண்டிக்கப்பட்டார். 2018 ஜனவரியில் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டில் திரும்பச் சேர்க்கப்பட்டார். அவர் தன் பயிற்சிப் பதிவேட்டில் எழுதியவை அவருக்கு எதிராகவே திரும்பின என்ற பேச்சு நாடு முழுவதும் பரவி, இளம் மருத்துவர்கள் பலர் எழுதுவதற்கே அஞ்சினார்கள். அந்தப் பதிவேடு வழக்கில் சான்றாக வைக்கப்படவில்லை என்று பின்னர் தெளிவானது. ஆனாலும் பயம் உண்மையானது. நம் நாட்டிலும் 1995ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது. ஒரு மருத்துவரின் தனிப்பட்ட நோட்டுக்கு நீதிமன்றத்திடமிருந்து சிறப்புப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. பாவா-கார்பா வழக்குக்குப் பிறகு பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் தந்த வழிகாட்டுதலும் ஏறக்குறைய மேலே சொன்ன எல்லையையே வரைந்தது: நடந்ததன் முழு விவரத்தை எழுதாதே, கற்றுக்கொண்டதை எழுது. ஒரு தவறு நேர்ந்துவிட்டால் அதைச் சொல்ல வேண்டிய இடம் யூனிட் சீஃபும் கேஸ் ஷீட்டும். நோட்டில் ஒப்புக்கொண்டுவிட்டு வார்டில் மௌனமாக இருப்பதற்கு நாட்குறிப்பு இடம் கொடுக்கக் கூடாது. அப்படி ஒளிந்துகொள்ளப் பயன்படும் நோட்டு எழுதாமலே இருக்கலாம்.

இந்த எழுத்து பிறகு எங்கே போகும் என்பதும் ஒரு கேள்விதான். பெரும்பாலானவை எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் மருத்துவத்தை மக்கள் மொழியில் எழுதும் மரபு தமிழில் உயிரோடு இருக்கிறது. பருத்தித்துறையைச் சேர்ந்த மருத்துவர் எம்.கே. முருகானந்தன், மருத்துவரின் நாட்குறிப்பு என்ற வடிவத்தையே எடுத்துக்கொண்டு தன் அனுபவங்களைத் தமிழில் எழுதினார். புளியங்குடிக்கு வடக்கே இதே சாலையில் இருக்கும் ராஜபாளையத்திலிருந்து மருத்துவர் கு. கணேசன் பல ஆண்டுகளாகத் தமிழில் மருத்துவம் எழுதிவருகிறார். வாசகர்கள் அவற்றைத் தேடிப் படிக்கிறார்கள். இவர்களுக்குப் பின்னால் வரவேண்டிய எழுத்தாளர்கள் இன்றைக்கு ஏதோ ஒரு ஹாஸ்டல் அறையில் இருக்கிறார்கள். அவர்கள் அவசரப்படக் கூடாது என்பதே என் ஒரே வேண்டுகோள். இன்று காலை வார்டில் பார்த்ததை இன்று இரவு ரீல்ஸாகப் போடும் ஆசை பெரிய தீங்கு. நோயாளி மருத்துவமனையைத் தேடி வந்தது சிகிச்சைக்காக, யாருடைய எழுத்துக்கும் பொருளாவதற்காக அல்ல. பத்து ஆண்டுகள் பூட்டி வைத்த நோட்டிலிருந்து எழுதுகிறவருக்கு எது அவருடைய அனுபவம், எது இன்னொருவரின் துயரம் என்று பிரித்துப் பார்க்கும் பக்குவம் வந்திருக்கும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது. அமைப்பு பிழிந்தெடுக்கிறது. அதைச் சரிசெய்யாமல் மாணவர் கையில் நோட்டைக் கொடுத்து நீயே உன்னைத் தேற்றிக்கொள் என்பது ஏமாற்று இல்லையா? ஆணையத்தின் பணிக்குழு நடத்திய கணக்கெடுப்பில் 25,000க்கும் மேற்பட்ட இளநிலை மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்களில் 27.8 சதவீதத்தினர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். இந்த எண்ணுக்கு நோட்டு விடையல்ல. டியூட்டி நேரத்துக்கு வரம்பு, வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு, உட்கார்ந்து சாப்பிட ஒரு அறை, முதல் மரணத்தைப் பார்த்த ஹவுஸ் சர்ஜனிடம் மறுநாள் இரண்டு வார்த்தை பேசும் சீனியர், இவையெல்லாம் கல்லூரிகளும் அரசும் செய்ய வேண்டியவை. இவற்றைச் செய்யாத கல்லூரிக்கு நாட்குறிப்பைப் பற்றிப் பேச உரிமையில்லை. செய்கிற கல்லூரி இன்னும் சிலவற்றையும் செய்யலாம். ஹவுஸ் சர்ஜன் பயிற்சி தொடங்கும் அன்றே நோட்டைக் கொடுத்து, எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று ஒரு மணி நேரம் பேசலாம். மாதம் ஒரு முறை விருப்பமுள்ளவர்கள் மட்டும் கூடி, தாங்கள் எழுதியதில் விரும்பியதைப் படித்துக் காட்டலாம், ஆசிரியர்களும் மதிப்பெண் ஏடும் அறைக்கு வெளியே. ஹாஸ்டலில் ஒவ்வொருவருக்கும் பூட்டும் அலமாரி ஒன்று வேண்டும். நோட்டின் பின் அட்டையில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் தமிழ்நாட்டின் 104 உதவி எண்ணையும் அச்சிடலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் பக்கத்தில் வந்துவிட்டால் அதற்கு மேல் எழுதிக்கொண்டிருக்காமல் உடனே கூப்பிட வேண்டும் என்று, அட்டையிலேயே, தமிழில், பெரிய எழுத்தில்.